வாசனை போன வாரம்

மண்ணூரில் அன்னபுஷ்பத்தின் வீட்டுக்குப் பின்னால் ஆறு ரூம்கள் ஒரே வரிசையில் இருந்தன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, ரூமுக்கு ஒரு ஜன்னல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், கடைக்கோடியில் இரண்டு பாத்ரூம். கம்பெனிகள் வந்து நிலங்கள் கைமாறிய காலத்தில் அவள் வீட்டுக்காரர் இருதயசாமி கட்டியது. கட்டி முடித்து மூன்று வருஷம்கூட அவர் இருக்கவில்லை. ஒரே மகள் லிசாவை அரக்கோணத்தில் கொடுத்திருந்தது. அதற்கப்புறம் அன்னபுஷ்பத்தின் காதில் விழுந்த மனுஷச் சத்தமெல்லாம் ரூம் பையன்களின் சத்தம்தான்.

எல்லாரும் தெற்கத்திப் பையன்கள். ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஷிப்ட் வேலை. காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ் ஐந்தரைக்கே மெயின் ரோட்டில் வந்து நின்றுவிடும். அதனால் அவள் விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றுவாள். பையன்கள் ஈரத் தலையோடு வந்து அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே தின்றுவிட்டு ஓடுவார்கள். "சட்னி தீந்துட்டா ஆன்ட்டி?" என்று எவனாவது கேட்காத நாள் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் அப்படிக் கேட்க ஒரே ஒருவன்தான் இருந்தான். பங்குனியில் ஓட்டுப் போட ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. மீதிப் பேர் இரண்டாம் லாக்டவுன் என்று பேச்சு அடிபட்டதுமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆறாம் ரூமில் மாரிராஜ் மட்டும் தங்கினான். கார்களுக்கு வயர் கோக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தாலும் அந்த கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. போனால் அந்த இடத்தில் வேறொருவனை நிறுத்திவிடுவார்கள் என்று அவன் போகவில்லை.

முதல் லாக்டவுனிலும் அவன் போகவில்லை. அப்போது அவன் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் லாரி பிடித்து, நடந்து, எப்படியோ போய்ச் சேர்ந்தபோது இவன் தயங்கி நின்றுவிட்டான். அவனுக்கு நாங்குநேரிக்குத் தெற்கே ஏதோ ஒரு ஊர். அறுபது நாளுக்கு மேல் அந்த வளாகத்தில் அவளும் அவனும்தான். ஒரே சோறு, ஒரே குழம்பு. அவன் ஆறு ரூமுக்கும் வெள்ளையடித்தான். ஓடாத மிக்சியைப் பிரித்து ஓட வைத்தான். அவள் போனில் மாதா கோயில் பூசை பார்க்கும்போது முற்றத்தில் உட்கார்ந்து, சாமியார் எழுந்திருங்கள் என்றால் அவனும் எழுந்து நின்றான். "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் எந்த நாளில் "அத்தே" என்று மாறினான் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

இந்த வருஷம் கதை வேறு மாதிரி இருந்தது. போன வருஷம் நோய் டிவியில் இருந்தது. இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரகுபதி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்க, அந்த வரிசையிலேயே அவன் போய்விட்டான். பிளாஸ்டிக் சுற்றிய உடம்பை நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி ஜோதி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தெருவில் உட்கார்ந்து கத்தினாள். தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. அன்னபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஜோதி அவள் தோளிலேயே அழுது, மூக்கைச் சிந்தி, அரை மணி நேரம் விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அன்னபுஷ்பத்துக்கு உடம்பு முழுக்க அடித்துப் போட்டாற்போல வலி. கத்திரி வெயில் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் படுத்தாள், மாத்திரை போட்டாள், எழுந்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஆறாம் ரூமிலிருந்து இருமல் கேட்டது.

இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றது. வறட்டு இருமல். ஒருமுறை வந்தால் விடாமல் ஏழெட்டு. ரகுபதியும் சுவருக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் இருமினான்.

"மாரி, வேலைக்குப் போவலியா?"

"இல்ல அத்தே. ஒடம்பு லேசா கனகனன்னு இருக்கு. கேட்ல காய்ச்சல் பாக்குற துப்பாக்கிய வச்சுப் பாப்பாவ, உள்ள விட மாட்டாவ."

"இட்லி வெளிய ஸ்டூல் மேல வெச்சுட்டு போறேன். நான் உள்ள போன அப்பால எடுத்துக்க."

கதவுக்குப் பின்னாலிருந்தே "சரி அத்தே," என்றான்.

அன்று முழுக்க அவள் அந்த இருமலையே கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் ரசம் சோறும் சாயங்காலம் கஞ்சியும் ஸ்டூலுக்குப் போயின. தட்டு பாதி சோற்றோடு திரும்பி வந்தது. அதைக் குச்சியால் தள்ளிக் குழாயடியில் போட்டாள். லிசா போனில் கத்தினாள்.

"அம்மா, உனக்கு இன்னா பைத்தியமா? அம்பத்திநாலு வயசு ஆவுது, சுகர் கீது. அவன் யாரு நமக்கு? கம்பெனில சொல்லி இட்டுகினு போவ சொல்லு."

"கம்பெனில காண்ட்ராக்ட்காரன் போனே எடுக்க மாட்டன்றானாம்."

"அப்ப எங்கனா போவ சொல்லு. நீ போய்ட்டா எனக்கு யாரும்மா கீறா? நான் வரணும்னாகூட இ-பாஸு வேணும். ரகுபதி அண்ணன் மாறி உன்னியும் கவர்ல சுத்தி... நான் மூஞ்சிகூட பாக்க முடியாதும்மா."

லிசா அழுதாள். அன்னபுஷ்பம் ஜெபமாலையை உருட்டினாள். எந்த மணியில் இருக்கிறோம் என்று மூன்று முறை மறந்து போனது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் தரையைச் சுட்டது. அவள் இரண்டு மாஸ்க்கை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, முந்தானையால் அதற்கு மேல் மூடிக்கொண்டு, ஆறாம் ரூமிலிருந்து பத்தடி தள்ளி நின்றாள்.

"மாரி."

ஜன்னலில் அவன் முகம் வந்தது. கண் சிவந்திருந்தது.

"நீ ஆஸ்பத்திரிக்கு போய்டு, கண்ணு."

"டெஸ்ட்டு எடுக்கணும் அத்தே. நாளைக்கு போலாம்னு பாத்தேன். இன்னைக்கு நிக்க முடியல."

"நாளைக்கு இன்னா, இன்னிக்கே போ."

"போயி எடுத்துட்டு வாரேன்."

அவள் அப்போதுதான் சொன்னாள். "திரும்பி வராத மாரி."

அவனுக்குக் காதில் விழவில்லை போல. "என்ன அத்தே?"

"இங்க வராதன்றேன். நான் ஒண்டியா கீறேன். எனக்கு எதுனா ஆனா தூக்கறதுக்கு ஆள் இல்ல. பாத்த இல்ல, ரகுபதிய? துணிமணி எடுத்துகினு கெளம்புடா. எங்கனா ஃப்ரெண்டு ரூம்ல இருந்துக்க."

"யாரு அத்தே இந்த நேரத்துல சேத்துக்கிடுவாவ? பஸ்ஸும் ஓடல. நான் கதவையே தொறக்க மாட்டேன். ரெண்டு மூணு நாளு கெடந்து எந்திச்சிருவேன்."

"நான் சொல்றத கேளு."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருமல் வந்தது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அதை அவன் பார்த்தான். கால் மணி நேரத்தில் தோள் பையோடு வெளியே வந்தான். அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தாள். கேட்டை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, வெயிலில் மெயின் ரோட்டுப் பக்கமாக அவன் நடந்து போனான். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அவன் நடந்துதான் ஆகவேண்டும்.

மத்தியானம் அவள் ஆறாம் ரூமைக் கழுவ ஆரம்பித்தாள். பாயைச் சுருட்டி வெளியே வீசினாள். சுவரில் அவன் மறந்து விட்டுப்போன போன் சார்ஜர் பிளக்கிலேயே தொங்கியது. அதைத் துணியால் பிடுங்கிப் பரணில் போட்டாள். பிளீச்சிங் பவுடரைப் பாக்கெட்டோடு தரையில் கொட்டி, மேலே பினாயிலை ஊற்றி, துடைப்பத்தால் தேய் தேய் என்று தேய்த்தாள். கண் எரிந்து நீராகக் கொட்டியது. தொண்டை கமறியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் எரிகிறது, வாசனை வரவில்லை.

மாஸ்க்கைக் கழற்றினாள். பினாயில் பாட்டிலை மூக்குக்கிட்டே வைத்து இழுத்தாள். தண்ணீர் மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடிக் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்தாள். பூண்டை நசுக்கினாள். வீட்டுக்காரர் இருந்தபோது வாங்கி வைத்த அமிர்தாஞ்சனத்தைத் தோண்டி மூக்கில் தடவினாள். மூக்கு சுரீரென்றது. மணம் இல்லை.

எத்தனை நாளாக இல்லை என்று யோசித்தாள். நேற்று ரசம் தாளித்ததில் வாசனை வந்ததா? ஞாபகமில்லை. முந்தாநாள் பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகும்வரை தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. போன சனிக்கிழமை உடம்பு வலி. அதற்கு முன் ஜோதி அவள் தோளில் சாய்ந்து அழுதது. ஞாயிற்றுக்கிழமை மாரிராஜ் வந்து சிலிண்டர் மாட்டிக் கொடுத்து, அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்து, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனது. வியாழக்கிழமைதான் அவனுக்கு இருமல்.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அவனுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. சாயங்காலம் வரை பதினைந்து இருபது தடவை போட்டிருப்பாள்.

சனிக்கிழமை அவளுக்கு மறுபடி காய்ச்சல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை கட்டிலிலிருந்து குழாயடிக்குப் போய்வரவே மூச்சு இளைத்தது. கேட்டைத் தாண்டி ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. வாசலில் தண்ணீர் கேன் வைத்துவிட்டுப் போகிறவன்கூட வரவில்லை. லிசாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளால் வரவும் முடியாது, இருக்கவும் முடியாது.

திங்கட்கிழமை காலை கேட்டைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நீல கவுன், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தாள். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் வேல்விழி. வளர்புரத்துப் பெண்.

"அன்னபுஷ்பம் நீங்கதானேம்மா? வெரல குடுங்க."

விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். எண் ஏறி இறங்கித் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

"எத்தினி நாளா இப்டி கீது? யார்க்கும் ஏன் சொல்லல? வண்டிக்கு சொல்றேன், ரெண்டு துணி எடுத்து வெச்சுக்கங்க."

"என் பேரு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"பாசிட்டிவ் வந்தவங்க யார் யார்கிட்ட பழகுனாங்கன்னு லிஸ்ட் குடுப்பாங்க இல்ல. மாரிராஜ்னு ஒருத்தர் குடுத்தது. 'போன்ல கேட்டா நல்லாகீறேன்னு சொல்லிடுவாங்க, நேர்ல போயி வெரல்ல மாட்டிப் பாருங்க'ன்னு சொன்னாராம். தனியா எழுதியே அனுப்பிச்சாங்க."

அன்னபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்குவதால் என்று வேல்விழி நினைத்துக்கொண்டாள்.

ஒரு இன்ஜினியரிங் காலேஜின் ஹாஸ்டலைக் கொரோனா சென்டராக மாற்றியிருந்தார்கள். கீழே பெண்கள், மேலே ஆண்கள். அவளுக்கு மூன்று நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாய். சுற்றி இருபது கட்டில். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். யாராவது ஒருத்தி கட்டில் காலியானால், வீட்டுக்குப் போனாளா என்று பக்கத்துக் கட்டிலில் கேட்கமாட்டார்கள். நாலாம் நாள் எழுந்து நடக்கச் சொன்னார்கள். சாயங்காலம் மெஸ்ஸுக்கு வெளியே புங்க மரத்தடியில் கபசுரக் குடிநீர் ஊற்றுவார்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"அத்தே."

ஆண்கள் வரிசையில் மாரிராஜ் நின்றிருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான்.

"எப்டிடா கீற?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நாளக்கழிச்சு அனுப்பிருவாவ. நீங்க ஏன் இப்பிடி வாடிட்டீய? முட்ட குடுக்காவளா, தின்னீயளா?"

"உன் போனுக்கு எத்தினி வாட்டி அடிச்சேன் தெரியுமா?"

"சார்ஜர ரூம்லயே விட்டுட்டேன் அத்தே. இங்க வந்துதான் ஒருத்தர்கிட்ட வாங்கி போட்டேன்."

மரத்தடிச் சிமெண்டு மேடையில் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"அன்னிக்கு எங்க போன?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அப்பால?"

"ரிசல்ட் வர ரெண்டு நாளு ஆவும்னாவ. அது இல்லாம இங்க சேக்க மாட்டாவ."

"அந்த ரெண்டு நாளு எங்கடா இருந்த?"

"அங்கன இங்கன."

"எங்க சொல்லு."

அவன் கசாயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு டீக்கட பூட்டிக் கெடந்துச்சு. வெளிய பெஞ்சு. போலீசு வண்டி வந்தா எந்திச்சு கொஞ்ச தூரம் நடப்பேன். ஒரு லாரிக்கார அண்ணன் ரெண்டு பன்னும் தண்ணியும் தூரமா வச்சிட்டுப் போனாரு. கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல அத்தே. வெயிலுதான்."

எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக ஆக்சிஜன் குழாயோடு மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

"மாரி, உன்னால எனக்கு வர்லடா. என்னாலதான் உனக்கு வந்திச்சு."

"தெரியும் அத்தே."

"இன்னா தெரியும்?"

"அந்த ஞாயித்துக்கெழம சிலிண்டர் மாட்டுனேம்லா. வாசர் சரியா உக்காராம கேஸு குப்புனு அடிச்சுது. எனக்கு கொமட்டிட்டு வந்துச்சு. நீங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டு, 'இன்னாடா மூக்க பொத்திக்கிற'ன்னு கேட்டீய. எங்க கம்பெனி லைன்ல ஒருத்தனுக்கு இப்பிடித்தான் மொதல்ல மூக்கு போச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ரகுபதி அண்ணன் போயி ஒரு வாரம்கூட ஆவல. ஒங்களுக்கும் அதான்னு சொன்னா பயத்துலயே விழுந்துருவீயன்னு நெனச்சேன். நல்லா எந்திச்சு நடமாடிக்கிட்டுல்லா இருந்தீய. தானா சரியாயிரும்னு விட்டுட்டேன்."

"சரி, நான் போன்னு சொன்னப்ப? ஜன்னல்ல நின்னு பாத்தியே. அப்ப சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவன் டம்ளரைக் கையில் உருட்டினான்.

"வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, நீங்க இருடான்னு சொல்லிருப்பீய. அது நான் ஒங்க மேல குத்தம் சொல்லி அங்கன தங்குனமாரி ஆயிரும்லா. எனக்கு அப்பிடி இருக்கப் புடிக்கல அத்தே."

நர்ஸ் கூப்பிட்டாள். பெண்கள் உள்ளே போகவேண்டிய நேரம்.

அவன் முன்னால் டிஸ்சார்ஜ் ஆனான். அவள் வீடு திரும்ப ஜூன் பிறந்துவிட்டது. முதல் வேலையாக ஆறாம் ரூமைத் திறந்து விட்டாள். தூக்கி எறிந்த பாய்க்குப் பதில் லிசா கல்யாணத்துக்கு வாங்கிய கோரைப்பாயைக் கொண்டுபோய் விரித்தாள். போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

காலையிலேயே மீன்காரன் வந்தான். சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தாள். மூக்கும் நாக்கும் இன்னும் திரும்பவில்லை. கைக்கணக்கில்தான் உப்பும் புளியும் போட்டாள்.

யாரோ ஒருவனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தான். இறங்கியவன் கையில் காலிச் சாக்குப் பை இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் இலை போட்டாள். அவன் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

"உப்பு சரியா கீதா?"

"சரியா இருக்கு அத்தே."

கை கழுவிவிட்டு ரூமுக்குப் போய்ச் சட்டைகள், பக்கெட், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாவற்றையும் சாக்கில் போட்டான். பாயை மிதிக்காமல் சுற்றி நடந்து எடுத்தான். அவள் வாசலில் நின்றாள்.

"எங்கடா ரூம் பாத்துகீற?"

"சுங்குவார்சத்திரத்துல. நாலு பேரா சேந்து. பஸ்ஸுக்கும் பக்கம்."

"இங்கியே இருடா. வாடகையே வேணாம்."

"வாடகைக்கு இல்ல அத்தே."

"கோவமா கீற."

"சத்தியமா கோவமில்ல." அவன் சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டினான். முடிச்சுப் போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு நீங்க சொன்னது தப்புன்னுகூட நான் நெனைக்கல. எங்கம்மையா இருந்தாலும் பயந்துதான் இருப்பா. ஆனா அத்தே, இனிமே இங்க படுத்தா, எப்பமாச்சும் இருமல் வந்தா தலவாணிய வச்சு வாய அமுக்கிக்கிட்டு கெடப்பேன். ஒங்களுக்கு கேட்டுருமோ கேட்டுருமோன்னு. அது என்னால முடியாது."

சாக்கை பைக்கில் வைக்கும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தாள். அவன் போகும்போது, "சுகர் மாத்திர மறக்காதீய," என்றான்.

மீந்த குழம்பை ஜோதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜோதி கொஞ்சம் வாயில் வைத்ததும் துப்பினாள்.

"இன்னாக்கா இது, கடல் தண்ணி மாறி கீது? உப்ப ரெண்டு வாட்டி போட்டுட்டியா? இத எப்டிக்கா துன்றது?"

அன்னபுஷ்பம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஆனி மாதம் பஸ் ஓட ஆரம்பித்ததும் ரூம்களுக்கு ஆள் வந்தார்கள். ஆறாம் ரூமை மட்டும் ஒரு மாதம் பூட்டியே வைத்திருந்தாள். அப்புறம் ஒரு மத்தியானம் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் பெட்டியோடு வந்து நின்றார்கள். போன் கம்பெனியில் புதுசாகச் சேர்ந்தவர்கள். மூத்தவள் பெயர் நாச்சியார். இருபது வயது இருக்கும். ரூமைப் பார்த்தார்கள், ஜன்னலைத் திறந்து மூடினார்கள், பிடித்திருந்தது.

சாவியைக் கொடுப்பதற்கு முன் அன்னபுஷ்பம் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணுதான். காய்ச்சலு, இருமலு எது வந்தாலும் உடனே என்கிட்ட சொல்லிடணும். மறைக்கக் கூடாது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கு அதெல்லாம் வராது ஆன்ட்டி," என்றாள் நாச்சியார் அவசரமாக. "ரெண்டு பேரும் ஊசி போட்டாச்சு. வேணும்னா சர்ட்டிபிகேட் காட்டுதோம்."

"அதுக்கு இல்லம்மா..."

"நெசமாவே ஒண்ணும் வராது ஆன்ட்டி. வந்தா நாங்களே ஊருக்குப் போயிருவோம். ஒங்களுக்குத் தொந்தரவு வைக்க மாட்டோம்."

சின்னவள் போனை எடுத்து சர்ட்டிபிகேட்டைத் தேடத் தொடங்கியிருந்தாள். வெயிலில் ஸ்கிரீன் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு, பதற்றமாகத் தேடினாள். அன்னபுஷ்பம் வேண்டாம் வேண்டாம் என்றாள். அவள் நிறுத்தவில்லை.